வெளிச்சத்துக்கும் பற்று வரவு உண்டு

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில், பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பின் ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் காரசாரமாகப் பேசி முடித்திருக்கிறோம். அந்தச் சூடு ஆறுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் 34 வருஷம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். படித்தது பி.காம். கேமராவைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். கேமராவுக்குள் நடப்பதில் பாதிக்கு மேல் கணக்குப்பிள்ளை வேலைதான். அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குடியிருப்பில் 75 வயதைக் கடந்தவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு நல்ல படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, பொங்கலுக்குள் அவரவர் வீட்டில் கொடுப்பது என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. எடுக்கப் போவது இங்கே இருக்கும் இளைஞர்கள். அவர்களில் சிலரிடம் நல்ல கேமரா இருக்கிறது. மற்றவர்களிடம் போன் இருக்கிறது. இரண்டுமே போதும். எக்ஸ்போஷர் என்ற ஒரு விஷயம் மட்டும் பிடிபட வேண்டும்.

எக்ஸ்போஷர் என்றால் என்ன?

கேமராவுக்குள் சென்சார் என்று ஒரு தகடு இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் பிலிம் இருந்தது. அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழ விடுகிறோம் என்பதுதான் எக்ஸ்போஷர். அளவு மீறினால் படம் வெளுத்துப்போகும். குறைந்தால் கறுத்துப்போகும்.

படம் எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதைத் தீர்மானிக்க மூன்று திருகுகள் இருக்கின்றன: அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. முதல் இரண்டும் உள்ளே வரும் வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். மூன்றாவது, வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும்.

கோடையில் நம் சம்ப்புக்குத் தண்ணீர் லாரி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான குழாய் என்றால் சம்ப் சீக்கிரம் நிறையும். குறுகலான குழாய் என்றால் நேரமாகும். குழாயின் அகலம் அப்பெர்ச்சர். குழாய் திறந்திருக்கும் நேரம் ஷட்டர். ஐ.எஸ்.ஓ.வுக்குத் தண்ணீர் உதாரணம் பொருந்தாது. அதற்கு வேறு உதாரணம் என் கையிலேயே இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அப்பெர்ச்சர்: எண் பெரிதானால் துவாரம் சிறிது

லென்ஸுக்குள் இருக்கும் துவாரம்தான் அப்பெர்ச்சர். நம் கண்ணின் பாவை போல விரியும், சுருங்கும். இதன் எண்கள் இப்படிப் போகும்: எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. ஒவ்வொரு படி மேலே போகும்போதும் வெளிச்சம் பாதியாகக் குறையும். இந்த ஒரு படிக்கு 'ஸ்டாப்' என்று பெயர்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. எண் ஏற ஏற வெளிச்சம் ஏன் குறைகிறது? வகுத்தல் கணக்குதான் காரணம். உங்களிடம் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும். துவாரத்தின் விட்டம் 25 மி.மீ. எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. எஃப் 16 என்றால் சுமார் 3 மி.மீ.தான். பங்கு கேட்கும் வாரிசுகள் கூடக் கூட ஆளுக்குக் கிடைக்கும் நிலம் குறைகிற மாதிரி.

விட்டம் பாதியானால் துவாரத்தின் பரப்பு கால் பங்காகிவிடும். அதனால்தான் எஃப் 2-க்கும் எஃப் 4-க்கும் நடுவில் 2.8 என்று ஒரு படி வருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு ஸ்டாப்.

அப்பெர்ச்சரால் இன்னொரு விளைவும் உண்டு. துவாரம் பெரிதாக இருந்தால், நாம் ஃபோகஸ் செய்த இடம் மட்டும் துல்லியமாக இருக்கும், பின்னணி கலங்கிவிடும். துவாரம் சிறிதானால் முன்னும் பின்னும் தெளிவாக வரும். ஒரு பாட்டியைத் தனியாக எடுக்கிறீர்கள், பின்னால் துணி உலர்த்தும் கொடி இருக்கிறது என்றால் எஃப் 2.8 அல்லது 4 வையுங்கள். கொடி மங்கலாகிவிடும். அறுபதாம் கல்யாணத்தில் மூன்று வரிசையில் நிற்கும் குடும்பத்தை எடுக்கிறீர்கள் என்றால் எஃப் 8 வையுங்கள். கடைசி வரிசையில் நிற்கும் மாப்பிள்ளை மங்கலாக வந்தால் அப்புறம் அந்த வீட்டில் நமக்குக் காபி கிடைக்காது.

ஷட்டர்: நேரத்தின் கணக்கு

ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் கதவு. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை விநாடிக் கணக்கில் சொல்கிறோம்: 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000. இங்கேயும் ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும்.

கீழே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை உறைந்து நிற்கிற மாதிரி எடுக்க 1/500 வேண்டும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 1/125 போதும். நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்தாலும் கண் சிமிட்டுகிறோம், தலையாட்டுகிறோம். வயதானவர்களுக்குக் கை லேசாக நடுங்கலாம். அதனால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

எடுப்பவரின் கையும் ஆடும். அதற்குப் பழைய போட்டோகிராபர்கள் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, அதை 1-க்குக் கீழே எழுது; அதைவிட மெதுவாகப் போகாதே. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/250. இன்றைய லென்ஸ்களில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது. அது நம் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு மருந்து ஷட்டர் வேகம் மட்டும்தான்.

ஐ.எஸ்.ஓ.: மைக்கின் சத்தம்

இப்போது என் கையில் இருக்கும் உதாரணத்துக்கு வருகிறேன், இந்த மைக். நான் மெதுவாகப் பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது. ஆபரேட்டர் தம்பி சத்தத்தைக் கூட்டுவார். என் குரல் கூடும், கூடவே இந்த 'கொர்' என்ற இரைச்சலும் கூடும். ஐ.எஸ்.ஓ. அதே வேலையைத்தான் செய்கிறது. 100, 200, 400, 800, 1600, 3200 என்று படிப்படியாக இரட்டிக்கும். உயர்த்த உயர்த்தப் படம் பிரகாசமாகும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். ஆங்கிலத்திலும் அதை இரைச்சல் என்று பொருள்படும் 'நாய்ஸ்' என்ற சொல்லால்தான் சொல்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும், அதன் 'இந்து' பிலிமும் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் 100 வேகப் பிலிமைப் போட்டுவிட்டால் ரோல் தீரும்வரை 100தான். 36 படமும் முடிந்தாக வேண்டும். இன்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. புள்ளி விழும் என்று பயந்து ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து வைக்கிறார்கள், ஷட்டர் மெதுவாகிப் படம் ஆடிப்போகிறது. புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் தெரியும். ஆடிப்போன முகத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

இரட்டைப் பதிவு

காமர்ஸ் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும். ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். கேமராவிலும் அப்படித்தான். ஓரிடத்தில் ஒரு ஸ்டாப் கொடுத்தால், இன்னோரிடத்தில் ஒரு ஸ்டாப் எடுத்தாக வேண்டும். இந்த நான்கையும் பாருங்கள்:

எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ. 400
எஃப் 2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 400
எஃப் 5.6, 1/60, ஐ.எஸ்.ஓ. 400
எஃப் 4, 1/250, ஐ.எஸ்.ஓ. 800

நான்கும் ஒரே பிரகாசத்தைத் தரும். கூட்டுத்தொகை டாலி ஆகிவிடும். ஆனால் நான்கும் வேறு வேறு படங்கள். இரண்டாவதில் பின்னணி கூடுதலாகக் கலங்கும். மூன்றாவதில் பின்னணி தெளியும், ஆனால் ஆள் அசைந்தால் மங்கும். நான்காவதில் அசைவு நிற்கும், கொஞ்சம் புள்ளி கூடும். எது வேண்டும் என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனக்கணக்காகப் பழக ஒரு நல்ல வழி சொல்கிறேன். நல்ல வெயிலில், எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ. எவ்வளவோ அதையே ஷட்டரின் கீழ் எண்ணாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 அல்லது 1/125. லேசான மேகம் என்றால் எஃப் 11. நன்றாக மூடியிருந்தால் எஃப் 8. பிலிம் பெட்டிகளில் சூரியன், மேகம் என்று படம் போட்டுக் கொடுத்த பட்டியல் இதுதான். பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

கேமராவுக்கு எது அப்பா, எது ஜன்னல்?

"இதெல்லாம் எதுக்கு சார், ஆட்டோவில் போட்டால் கேமராவே பார்த்துக்கொள்ளுமே?" என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறது. எதிரே என்ன இருக்கிறது என்பதை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சராசரி பண்ணி, ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கடைகளில் இதற்கென்றே சாம்பல் நிற அட்டை விற்கிறார்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் அட்டை அது.

இதனால் என்ன ஆகிறது? வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா நிற்கிறார். 'அடடா, வெளிச்சம் ரொம்ப அதிகம்' என்று கேமரா குறைத்துவிடும். வேட்டி அழுக்காகவும் முகம் கறுப்பாகவும் வரும். கறுப்பு கிரானைட் மேடைமேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தால் நேர்மாறாக நடக்கும். கறுப்பு வெளுத்துவிடும்.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது மூன்றாவது வகை. நம் ஹாலில் பகல் வெளிச்சம் வருவது பால்கனிக் கதவு வழியாக மட்டும்தான். பெரியவர்களின் நாற்காலி அதன் அருகில்தான் இருக்கும், அவர்கள் முதுகு பால்கனிப் பக்கம் இருக்கும். அப்படியே எடுத்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல் கம்பி வரை துல்லியமாக விழும், உட்கார்ந்திருப்பவர் நிழலாகத் தெரிவார். புதிய கேமராக்களும் போன்களும் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு சரிசெய்கின்றன. பின்னால் வெயில் பளீரென்று அடித்தால் அவையும் தோற்றுப்போகும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். வங்கியில் சில வருஷம் பென்ஷன் கவுண்டரில் இருந்தேன். பென்ஷன் காகிதங்களில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு சிறிய படம் ஒட்டியிருக்கும். கணவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்த ஒரு அம்மாள், வேலை முடிந்த பிறகும் தயங்கி நின்றார். "சார், அந்தப் படத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா? நாங்க ரெண்டு பேரும் தெளிவா இருக்கற படம் வீட்டுல வேற இல்ல" என்றார். எடுத்துக் கொடுத்தோம். அவருக்குப் பின்னும் அதே கேள்வியோடு வேறு சிலர் வந்தார்கள்.

அன்று படம் எடுப்பதே செலவு. ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். இன்று ஒவ்வொரு போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. இருந்தும், ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் மாட்டுவதற்கு ஒரு படம் கிடைக்காமல் பிள்ளைகள் போனைத் தள்ளித் தள்ளித் தேடுவதைப் பார்க்கிறோம். குரூப் செல்ஃபியில் ஓரத்தில் பாதி முகம், ஜன்னலுக்கு முன்னால் கறுத்த முகம், ஆடிப்போன முகம். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். அமங்கலமாகப் பேசுகிறேன் என்று பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள் நூறு வயது இருக்கட்டும். அதுவரை அவர்களே பார்த்து ரசிக்க ஒரு நல்ல படம் வீட்டில் இருக்கட்டும்.

முகத்துக்குக் கணக்குப் போடுங்கள்

கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பெயர். அது 'நீ போட்ட சராசரி எனக்கு வேண்டாம்' என்று கேமராவுக்குச் சொல்லும் இடம். பின்னால் வெளிச்சம் என்றாலும், வெள்ளை உடை, வெள்ளைச் சுவர் என்றாலும் +1 வையுங்கள். கறுப்புப் பின்னணி என்றால் -1. முகம் சரியாக வந்து ஜன்னல் வெளுத்துப்போனால் போகட்டும். நாம் ஜன்னலை எடுக்க வரவில்லை.

போனில் இன்னும் சுலபம். திரையில் முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். அதை மேலே தள்ளினால் பிரகாசம் கூடும், கீழே தள்ளினால் குறையும். பல போன்களில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு மாறாமல் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய வைத்தியம் ஒன்று உண்டு. நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். முகம் பால்கனியைப் பக்கவாட்டில் பார்க்கட்டும். ஹால் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் தெரியும். வெயில் நேரே முகத்தில் அடிக்காத காலை நேரமாகப் பாருங்கள். பிறகு எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ. 800 என்று தொடங்குங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6-க்குக் கீழே போகாது. அப்போது ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்குங்கள். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பத்துப் படம் எடுங்கள், அவரோடு பேசிக்கொண்டே எடுங்கள்.

கேள்வி நேரத்தில் வந்தவை

"போனில் அப்பெர்ச்சரை மாற்ற முடியுமா?" என்று ஒரு மேடம் கேட்டார். பெரும்பாலான போன்களில் முடியாது, துவாரம் நிலையானது. புரோ மோடில் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மட்டும் மாற்றலாம். பின்னணி கலங்குவதைப் போர்ட்ரெய்ட் மோடு கணக்குப் போட்டுச் செய்து காட்டுகிறது. நைட் மோடு, அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது. அதனால் அது முடியும்வரை போனும் ஆளும் அசையக் கூடாது.

"கல்யாண மண்டபத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதே?" என்பது இன்னொரு கேள்வி. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. 1/100 அல்லது 1/50 வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

"கார்த்திகைக்கு அகல் விளக்கு வரிசையை எடுத்தால் ராத்திரி பகல் மாதிரி வருகிறது" என்றார் ஒரு பாட்டி. அங்கேயும் அதே சராசரிதான். ஃபிளாஷை அணைத்துவிட்டு -1 அல்லது -2 வையுங்கள். இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் சுடர் சுடராகத் தெரியும். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராம் எத்தனையோ காட்சிகளில் முகத்தில் பாதியை இருட்டிலேயே விட்டிருப்பார். அந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு விட்ட இருட்டு அது.

வீட்டுப்பாடம்

பிள்ளைகளே, ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ பால்கனிக்கு முன்னால் உட்கார வையுங்கள். இடம் மாறாமல் மூன்று படம்: 0, +1, -1. பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபடி மூன்று. ஆறையும் அவர்களிடமே காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் படத்தைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். போன் தொலையும், பழுதாகும், பாஸ்வேர்டு மறக்கும். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே கூடத்தில் சந்திப்போம். பாட்டரியை சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள், கேமராவோடு வந்த கையேடு இருந்தால் அதையும். முதல் படம் ஏ பிளாக் தரைத்தளத்தில் எடுக்கிறோம். அங்கே 91 வயதில் ஒரு அம்மா இப்போதே பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.